டால்ஸ்டாயைத் தமிழுக்குக் கூட்டி வந்தது யார்?

காஞ்சிபுரத்தில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வாசக வட்டம் நடத்துகிறோம். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர், ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, தறி நெய்கிறவர்கள் மூன்று பேர். இந்த வருடம் ஐரோப்பிய இலக்கியம் படிப்பது என்று முடிவு செய்தோம். ஒரே நிபந்தனை, புத்தகம் தமிழில் இருக்க வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. பி.காம். படிக்கிறவனாச்சே, பட்டியல் போடத் தெரியாதா என்று நினைத்துவிட்டார்கள் போல :)

நூலகத்திலும் பழைய புத்தகக் கடையிலும் தேடத் தேட எனக்கு ஒரு சந்தேகம். ரஷ்யர்கள் மட்டும் தமிழில் ஏன் இத்தனை பேர்? சுவீடனும் நார்வேயும் எந்த வழியாக உள்ளே வந்தன? காஃப்கா ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்? தோண்டிப் பார்த்தால் இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது. எந்தப் புத்தகம் நம் கைக்கு வர வேண்டும் என்பதை நமக்கு முன்பே யாரோ, ஏதோ ஒரு காரணத்துக்காக முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் காரணம் தெரிந்தால் நாம் தேர்ந்தெடுப்பது கொஞ்சம் சுலபம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் வந்தது மொழிபெயர்ப்பு அல்ல, தழுவல். 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரை எடுத்துத் தமிழ் வேட்டி கட்டிவிட்டார். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். 'வெனிஸ் வணிகன்' 'வாணிபுர வணிகன்' ஆனது. (கடன் பத்திரம், வட்டி, ஒப்பந்த மீறல்... எங்கள் வணிகச் சட்டப் பாடத்தில் வைக்க வேண்டிய நாடகம்!) சைவப் பெரும்புலவர் மறைமலையடிகள்கூட ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் கதையைத் தழுவி 'குமுதவல்லி நாகநாட்டரசி' எழுதினார். அதே ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தமிழில் குவித்தவர் நம் பக்கத்துப் பட்டு ஊரான ஆரணியைச் சேர்ந்த குப்புசாமி முதலியார். லண்டனில் பரபரப்புக் கதைகள் எழுதிக் காசு பார்த்தவர் ரெயினால்ட்ஸ். இன்று இங்கிலாந்திலேயே அவரைத் தேடிப் படிக்கிறவர்கள் குறைவு. நம் தாத்தாக்களுக்கு முன்னால் உள்ள தலைமுறைக்கு அவர்தான் ஐரோப்பிய இலக்கியம்!

இந்தப் போக்கைக் கடுமையாகச் சாடியவர் புதுமைப்பித்தன். ஆளின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றி நம் சரக்காக விற்காதே, மொழிபெயர்ப்பதானால் மொழிபெயர்ப்பு என்று சொல்லியே செய் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். எங்கள் பட்டியலில் தழுவல் கிடையாது. பம்மலாரை நாடகமாக ஒரு நாள் படித்துக்கொள்ளலாம், அது தனி.

அடுத்து, ஊருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்பதற்காகப் புத்தகத்தைக் கொண்டு வந்தவர்கள். இதில் எங்கள் ஊர்க்காரருக்கே இடம் உண்டு. காஞ்சிபுரத்தில் பிறந்து, 1942இல் இங்கிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய அண்ணா, பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலாவைப் பற்றி 'ஏழை பங்காளர் எமிலி ஜோலா' என்று எழுதினார். பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிக்காக 1898இல் அரசையே எதிர்த்து எழுதி, வழக்கைச் சந்தித்து, நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தவர் ஜோலா. அண்ணாவின் தலைப்பைப் பாருங்கள். 'ஏழை பங்காளர்' என்று சொன்ன உடனே ஜோலா நம்ம ஆள் ஆகிவிடுகிறார். படிப்பகத்துக்கு வருகிற தொழிலாளிக்கு பாரிஸ் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை.

அதே வேலையை வேறு திசையிலிருந்து செய்தவர் சுத்தானந்த பாரதியார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் இருந்தவர், பிரெஞ்சு அறிந்தவர். விக்டர் ஹியூகோ 1862இல் எழுதிய 'லே மிசராப்ளே' அவர் கையில் 'ஏழை படும் பாடு' ஆனது. என்னைக் கேட்டால் தமிழில் வந்த மொழிபெயர்ப்புத் தலைப்புகளிலேயே இதுதான் முதல் இடம். 1950இல் இது நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அதில் போலீஸ் அதிகாரி ஜாவர் வேடத்தில் நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஹியூகோவின் பாத்திரம் ஒன்று ஒரு தமிழரின் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது!

டால்ஸ்டாய் வந்தது காந்தி வழியாக. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் டால்ஸ்டாயின் ஒரு வரியாவது படித்திருப்பார்கள்? ஆனாலும் அந்தப் பெயரில் வாழ்ந்தார்கள். பிறகு சுதந்திரப் போராட்டக் காலத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு டால்ஸ்டாய் கிட்டத்தட்ட ஒரு ரிஷி. 1934இல் தொடங்கிய 'தினமணி'யின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று அந்தப் பிரம்மாண்ட நாவலைத் தமிழாக்கினார். தலையங்கம் எழுதிப் பழகிய கை. அதனால் வாக்கியம் எங்கேயும் தடுமாறாது.

க.நா.சு. விஷயம் இவர்கள் எல்லோரிடமிருந்தும் வேறு. அவருக்குச் செய்தியும் இல்லை, கட்சியும் இல்லை. நல்ல இலக்கியம் தமிழனுக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். நார்வேயின் நட் ஹாம்சன் எழுதியது 'நிலவளம்' ஆயிற்று. நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எழுத்தாளரான செல்மா லாகர்லெவின் நாவல் 'மதகுரு' ஆயிற்று. பேர் லாகர்குவிஸ்டின் 'பாரபாஸ்' 'அன்பு வழி' ஆயிற்று. எல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான். அதே லாகர்குவிஸ்டின் 'குள்ளன்' நாவலைத் தமிழாக்கியவர் யார் தெரியுமா? நம் தி. ஜானகிராமன்! நார்வேயும் சுவீடனும் நம்மிடம் வந்தது ஒன்றிரண்டு மனிதர்களின் ருசியால். அந்த ருசிக்குப் பின்னால் அரசாங்கமும் இல்லை, இயக்கமும் இல்லை. சந்தை இருந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

இனி ரஷ்யர்கள். காமர்ஸ் மாணவனுக்கு இந்த இடம்தான் அல்வா.

மாஸ்கோவில் இருந்த முன்னேற்றப் பதிப்பகமும், பிறகு ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே புத்தகம் அச்சடித்தன. தமிழ்நாட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே போய்த் தங்கி வேலை செய்தார்கள். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் ஆகிய பெயர்களைப் பழைய வாசகர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கெட்டி அட்டை, வெள்ளைத் தாள், தையல் பைண்டிங். விலை? கேட்டால் சிரிப்பீர்கள். 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றை ஊர் ஊராகக் கொண்டு போய் விற்றது.

அடக்க விலைக்குக் கீழே ஒரு சரக்கை வெளிநாட்டுச் சந்தையில் இறக்கினால் அதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு: டம்பிங். உள்ளூர் உற்பத்தியாளர் பாதிக்கப்படுவார் என்று வரி போடுவார்கள். சோவியத் நாடு நமக்குச் செய்தது இலக்கிய டம்பிங்! லாபம் அவர்கள் நோக்கமல்ல, தங்கள் கொள்கை பரவ வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் வந்திறங்கியது கொள்கை மட்டுமா? புத்துயிர்ப்பு, வெண்ணிற இரவுகள், நம் காலத்து நாயகன்... தாஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' கதையில் எந்தக் கட்சிக் கொள்கையும் இல்லை. பீட்டர்ஸ்பர்க் தெருவில் ஒரு தனிமையான இளைஞன், நான்கு இரவுகள், ஒரு பெண். அவ்வளவுதான்.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. மானியம் நின்றது. புத்தக வரத்தும் நின்றது. அந்தப் பழைய பதிப்புகள் இன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். சிலவற்றை இங்கே மறுபதிப்பு செய்தார்கள், நல்ல காரியம். மாஸ்கோவின் பணத்தில் நடந்த வேலையை அதன் பிறகு தொடர்ந்தவர்கள் தனிமனிதர்கள். மதுரைக் கல்லூரி ஒன்றில் தமிழ்ப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எம்.ஏ. சுசீலா 2007இல் 'குற்றமும் தண்டனையும்' நாவலையும், 2011இல் 'அசடன்' நாவலையும் தந்தார். ஆங்கிலம் வழியாகத்தான், ஆனால் முழுமையாக.

மூல மொழியிலிருந்து நேராக வந்ததில் க்ரியாவைச் சொல்லாமல் விடக் கூடாது. காம்யுவின் 'அந்நியன்' நாவலைப் பிரெஞ்சிலிருந்து வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்தார். காஃப்காவின் 'விசாரணை' ஜெர்மனிலிருந்து ஏ.வி. தனுஷ்கோடி மொழிபெயர்க்க, 1992இல் வந்தது. காஃப்கா எழுதியதற்கும் இதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டுக்கு மேல். அவரை வைத்துப் பிரச்சாரம் செய்ய யாராலும் முடியாது, அதனால் பணம் போடவும் யாரும் வரவில்லை என்பது என் கணக்கு.

சரி, இத்தனையும் தெரிந்து என்ன செய்தோம்?

முதலில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அட்டையில் எழுத்தாளர் பெயரைப் பார்க்கும் முன் உள்ளே மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் வாங்காதே. பெரிய நாவல் சின்னப் புத்தகமாக இருந்தால், சுருக்கம் என்று எங்காவது போட்டிருக்கிறார்களா பார். ஆயிரம் பக்க டால்ஸ்டாயை நூற்றைம்பது பக்கத்தில் படித்துவிட்டு, 'என்னப்பா, இதையா உலக இலக்கியம்னு சொல்றீங்க?' என்று எங்கள் தறிக்கார அண்ணன் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு, கையில் இருக்கும் அந்தத் தமிழ்தான் டால்ஸ்டாய். சரியில்லை என்றால் ஆங்கிலத்தில் போய்ச் சரிபார்த்துக்கொள்ள அவருக்கு வழி கிடையாது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த வசதி இருப்பதாலேயே இந்த விஷயத்தில் அலட்சியமாக இருந்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

இரண்டாவது, வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. எங்கள் வட்டத்தில் ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். இது ஒன்றும் புதுசல்ல. 1865 முதல் கியூபாவின் ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்தே காசு போட்டு ஒரு வாசிப்பாளரை அமர்த்தினார்கள். அவர் படிக்க, இவர்கள் சுருட்டுச் சுற்றினார்கள். எந்த நாவல் என்பதும் அவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்ததுதான். டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ' அங்கே அவ்வளவு பிரபலமாகி, ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. கேரளத்தில் பீடிக் கூடங்களிலும் இப்படி ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் கேட்கும் வழக்கம் இருந்தது. தறிக்கூடத்தில் அது நடக்காது. சத்தம் விடாது!

'வெண்ணிற இரவுகள்' முதல் மாதப் புத்தகம். சின்னப் புத்தகம், ரா. கிருஷ்ணையாவின் தமிழ் காதுக்கு இதம். 2003இல் வந்த ஜனநாதனின் 'இயற்கை' படம் இந்தக் கதைதான் என்றதும் இரண்டு பேர் கூடுதலாக வந்தார்கள். 'குற்றமும் தண்டனையும்' படிக்கும்போது பெயர்களில் சிக்கல். ரஸ்கோல்னிகோவ், ரோடியன் ரோமனோவிச், ரோட்யா மூன்றும் ஒரே ஆள் என்பதற்குள் பாதிப் பேர் களைத்துவிட்டார்கள். "தம்பி, நம்ம பக்கம் வீட்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு இல்லையா, அது மாதிரி வெச்சுக்கோ" என்று தறிக்காரப் பெரியவர்தான் பிரச்சினையைத் தீர்த்தார். அப்புறம் ஒரு அட்டையில் பெயர்களை எழுதிச் சுவரில் மாட்டினோம்.

பட்டியலில் ஒன்று மட்டும் தமிழ்ப் புத்தகம் இல்லாமலேயே நுழைந்திருக்கிறது. ஜெர்மானியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் 1892இல் எழுதிய 'நெசவாளர்கள்' நாடகம். 1844இல் சைலீஷியாவில் கூலி போதாமல் கிளர்ந்தெழுந்த தறிக்காரர்களின் கதை. பெர்லினில் பொது அரங்கில் நடத்தக் கூடாது என்று போலீஸ் தடை போட்ட நாடகம். ஹாப்ட்மன் அதை முதலில் அந்த ஊர் நெசவாளர்களின் வட்டார மொழியிலேயே எழுதினார். நான் ஆங்கிலத்தில் படித்தேன். முதல் அங்கத்தில் நெசவாளர்கள் துணியைக் கொண்டு வந்து முதலாளி வீட்டில் கொடுக்கிறார்கள். குமாஸ்தா துணியை விரித்துப் பார்த்துக் குறை சொல்லிக் கூலியைக் குறைக்கிறான். இதை அப்படியே நம்ம ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டு போனேன். பெரியவர் இடையில் நிறுத்தி, "எத்தனை வருஷத்துக்கு முன்னாடி நடந்தது?" என்றார். நூற்று எண்பது வருடம் ஆச்சு ஐயா என்றேன். "துணியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தானா, மேஜை மேல போட்டுப் பார்த்தானா?" என்று அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தை எடுத்து மறுபடி அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு இரண்டாம் அங்கம். ஆசிரியை அக்கா ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வர, பெரியவர் தறி வார்த்தைகளைத் திருத்திக் கொடுப்பதாக ஏற்பாடு. எழுதி வைப்பது என் வேலை.