ஜன்னலோரத்துச் சோதனைக் குழாய்

நியூயார்க் நகருக்குக் கிழக்கே, லாங் தீவின் வடகரையில் இருக்கிறது கோல்டு ஸ்பிரிங் ஹார்பர். ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்குக் கப்பல்கள் புறப்பட்ட சிற்றூர். உயிரணு தன் சேதத்தைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் என்ற சேதி 1940களில் அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. டி.என்.ஏ.வின் வடிவமே யாருக்கும் தெரியாத காலம் அது.

1941இல் அங்கு வந்தவர் பார்பரா மெக்ளின்டாக். மக்காச்சோளத்தின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை. உயிரணு பிரியும்போது சில குரோமோசோம்கள் இருபுறமும் இழுபட்டு அறுந்துபோவதை அவர் கண்டிருந்தார். அறுந்த முனை சும்மா கிடப்பதில்லை. அறுந்த இன்னொரு முனையோடு ஒட்டிக்கொள்ளும். விதைக்குள் இருக்கும் கருவிலோ அந்த முனை ஆறியே விடும்.

மூன்று ஆண்டு கழித்து, அதே ஆய்வுக்கூடத்துக்கு மாணவியாக வந்தார் ஈவ்லின் விட்கின். பாக்டீரியாவை அதற்குமுன் அவர் கையாண்டதே இல்லை. முதல் சோதனையிலேயே புறஊதாக் கதிரை அளவுக்கு மீறிப் பாய்ச்சிவிட, தட்டில் மிஞ்சியவை நான்கே நான்கு கூட்டங்கள். வேறு யாராவது என்றால் தட்டைக் கழுவிவிட்டு அளவைக் குறைத்திருப்பார்கள். அந்த நான்கும் ஏன் சாகவில்லை என்று கேட்ட கேள்வியே அவருக்கு ஆயுள்கால ஆராய்ச்சியானது.

அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆல்பர்ட் கெல்னருக்கு வாய்த்தது தலைவலி. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தரும் நுண்ணுயிரின் வித்துகளைப் புறஊதாக் கதிரில் வாட்டிவிட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். கணக்கு ஒருநாள்போல் ஒருநாள் இல்லை. வெப்பநிலைதான் காரணம் என்று சந்தேகித்து, குழாய்களைச் சீரான சூட்டில் தண்ணீர்த் தொட்டியில் வைத்தார். அப்போதும் குளறுபடிதான். பிறகுதான் கண்ணில் பட்டது: தொட்டி கண்ணாடித் தொட்டி, அது இருந்தது ஜன்னலோரம். வெளிச்சம் பட்ட குழாய்களில் வித்துகள் லட்சம் மடங்குக்கும் கூடுதலாகப் பிழைத்திருந்தன!

1949இல் அவர் இதை வெளியிட்டார். இண்டியானாவில் ரெனாட்டோ துல்பெக்கோவும் அதே ஆண்டு அதையே கண்டார். அங்கே துப்புக் கொடுத்தது ஒரு குழல் விளக்கு.

காரணம் பிறகு விளங்கியது. புறஊதாக் கதிர், டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்திருக்கும் இரண்டு தைமின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. ஒரு நொதி நீல ஒளியின் ஆற்றலை வாங்கி அந்த முடிச்சை அவிழ்க்கிறது. 1958இல் கிளாட் ரூபர்ட் அந்த வேலையைச் சோதனைக் குழாயிலேயே நடத்திக்காட்டினார். 1964இல் இருட்டிலும் நடக்கும் இன்னொரு வழி தெரியவந்தது: கெட்டுப்போன துண்டை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்து நிரப்புவது. இரு இழையும் ஒருசேர அறுந்தால் பார்த்து எழுத எதிர் இழை கிடையாது. முனைகளை நேரே ஒட்ட வேண்டும், அல்லது அதே வரிசையுள்ள இன்னொரு பிரதியைத் தேட வேண்டும்.

1953இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்ட வாட்சனும் கிரிக்கும் பழுதுபார்ப்பதைப் பற்றி யோசிக்கவேயில்லை. 1974இல் கிரிக்கே அதை எழுதி ஒப்புக்கொண்டார். பெரிய மனம்தான் அது.

ஒளியால் இயங்கும் அந்த நொதி மனிதருக்கு இல்லை. வெட்டி நிரப்புவதுதான் நமக்கு வழி. அதிலும் கோளாறோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர் ஒரு நாளிதழ்ச் செய்தியில் அந்தக் குழந்தைகளின் நோயைப் பற்றிப் படித்தார். 1968இல், அவர்களின் தோல் அணுக்களால் துண்டை வெட்டி நிரப்ப முடியவில்லை என்று நிறுவினார். வெயில் பட்டால் அவர்கள் தோலில் புள்ளி விழும், பிறகு புற்று வரும். அவர்கள் வீட்டு ஜன்னல்களில் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டியிருக்கும். வெளியே விளையாடப் பொழுது சாய வேண்டும்.