மதிலுக்கு வெளியே கற்ற மனநோய் மருத்துவம்

மேலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் திருவாதவூர் தெரியாமல் இருக்காது. மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு நின்ற மந்திரியை ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள்? "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றுதான்! (எங்கள் துறைக்காரர்களின் புத்தி இப்படித்தான் போகும், மன்னிக்கவும்.) அவ்வூர்ச் சனீஸ்வரர் சந்நிதிக்கு வாதநோய் தீர வேண்டி இன்றும் மக்கள் வருகிறார்கள்.

மனநோய்க்கும் அதே வழிதான். முதலில் கோடாங்கி, பிறகு குணசீலம் அல்லது ஏர்வாடி, கையில் காசு தீர்ந்தபின் பெரியாஸ்பத்திரி. 1954-ல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில் மனநோய் மருத்துவம் என்றாலே சென்னைக் கீழ்ப்பாக்கம்தான் நினைவுக்கு வரும். 1794-ல் வேர்விட்ட அந்த மருத்துவமனையின் மதிலுக்குள் கற்றவர்கள் நோயைக் கற்றார்கள். நோயாளியின் ஊரைக் கற்க வாய்ப்பில்லை. 1957 வாக்கில் வேலூர் சி.எம்.சி.யில் நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தது பெரிய மாற்றம். 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. அடுத்து, 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரியில் பெங்களூர் நிம்ஹான்ஸ்காரர்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பார்த்துப் பிறந்த மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்தது. மதுரை பின்னர் சேர்ந்தது. இங்கே 1992-ல் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் கிராமங்களுக்குள் போனது.

ஆனால் படிப்பு? 1997-ம் ஆண்டு விதிகளின்படி எம்.பி.பி.எஸ். மாணவனுக்கு மனநோய்ப் பிரிவில் வார்டு வேலை இரண்டே வாரம்தான் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் என்ன புரியும்? புத்தகத்தில் "மனச்சோர்வு" என்று இருக்கும். நம் பக்கத்து அம்மாவோ "நெஞ்சு படபடங்குது, உச்சந்தலை எரியுது, சோறு இறங்கல" என்பார். "வருத்தமா இருக்கா?" என்று கேட்டால், "வருத்தமா? எனக்கென்ன வருத்தம், வேலை கெடக்கு" என்று எழுந்து போய்விடுவார். அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்து, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அவர் மறுபடி வரவில்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. "மூடநம்பிக்கை" என்று பேசித் தீர்த்தோம். பக்கத்தில் போய்க் கேட்க ஒரு டாக்டர் இல்லாததால்தானே அங்கே கூட்டிப்போனார்கள் என்று எங்களில் அதிகம் பேர் சொல்லவில்லை.

இதற்கு முந்தின வருஷம்தான் நிம்ஹான்ஸ் குழுவினர் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்திருந்தார்கள். சங்கிலி இல்லை, அடி உதை இல்லை. குடும்பத்தோடு தங்கல், கோயில் வேலை, அவ்வளவே. நோய்க்குறிகள் சுமார் இருபது சதவீதம் குறைந்திருந்தன. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அதை வெளியிட்டது. ஆக, கோயிலெல்லாம் ஏர்வாடிக் காப்பகம் அல்ல. பிற்பாடு ஏர்வாடி தர்காவிலேயே மாத்திரையும் துவாவும் சேர்ந்து கிடைக்க அரசு வழி செய்தது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடுத்தது.

இன்று படிக்கிற தம்பி தங்கைகள் கோடாங்கியைப் பார்த்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஆளை எப்போது நம்மிடம் அனுப்புவார் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவிடம் "வருத்தமா" என்று கேட்காமல், "ராத்திரி தூக்கம் எத்தனை மணிக்குக் கலையுது?" என்று கேளுங்கள்.