'பூமி' திட்டம்: நிலப் பதிவேடு கைமாறிய வரலாறு

கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் இந்திய மின்னாளுகை வரலாற்றில் பெரும்பாலும் வெற்றிக்கதையாகவே எழுதப்படுகிறது. பதிவேடு யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்று கேட்டால், அதே திட்டம் வேறொரு வரலாற்றையும் காட்டுகிறது.

பழைய மைசூர்ப் பகுதியில் ஊர்க்கணக்கைப் பரம்பரை உரிமையாக வைத்திருந்தவர் சானுபோகர். தமிழகத்துக் கர்ணத்தை ஒத்தவர். 1961ஆம் ஆண்டின் கிராமப் பதவிகள் ஒழிப்புச் சட்டம் அவ்வுரிமையை நீக்கியது. அவரிடத்தில் அரசு ஊழியரான கிராமக் கணக்கர் வந்தார். ஆள் மாறினாலும் அதிகாரத்தின் அடிப்படை மாறவில்லை. பதிவேட்டை வைத்திருந்தவரே அதில் எழுதவும் நகல் தரவும் செய்தார். கடன் பெற நகல் தேவைப்பட்ட உழவர் அவரது தயவை நாட வேண்டியிருந்தது.

ஏறத்தாழ 9,000 கணக்கர்களிடம் இருந்த, சுமார் 67 லட்சம் உழவர்களின் 2 கோடி ஆவணங்களைப் 'பூமி' கணினியில் ஏற்றியது. 2000களின் தொடக்கத்தில் வட்ட அலுவலக முகப்பிலேயே 15 ரூபாய்க்கு நகல் கிடைத்தது. கையால் எழுதிய நகல்கள் செல்லாதவை ஆயின. பெயர் மாற்ற மனுக்கள் வந்த வரிசைப்படியே எடுக்கப்பட்டன. ஊழியர்கள் கைரேகை பதித்தே கணினியில் நுழைய முடிந்தது. இப்பயன்களை மறுப்பதற்கில்லை.

எனினும், அதிகாரம் மறைந்துவிடவில்லை. ஊரிலிருந்து வட்டத் தலைமையிடத்துக்கு இடம்பெயர்ந்தது. சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதையே சுட்டியது. பெங்களூரின் விரிவாக்கச் சூழலில் இம்மையப்படுத்தல் சிறு உழவரைவிடப் பெரும் நிலவணிகர்களுக்கே கூடுதலாக உதவியது என்பது அவர்கள் வாதம்.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. 1964ஆம் ஆண்டின் கர்நாடக நிலவருவாய்ச் சட்டப்படி, தவறென்று மெய்ப்பிக்கப்படும்வரை பதிவேட்டின் பதிவு சரியானதாகவே கொள்ளப்படும். ஆகவே வாய்மொழிக் குத்தகைதாரர், பாகம் பிரிக்காத குடும்பத்துப் பெண் எனப் பதிவில் இடம்பெறாதவர்மீதே மெய்ப்பிக்கும் சுமை விழுகிறது. முன்பு இவர்களது அனுபோகத்தை ஊரறியும், கணக்கரும் அறிந்திருக்கக்கூடும். அந்த அறிவு லஞ்சத்துக்கும் இடந்தந்தது, சில வேளைகளில் நியாயத்துக்கும் இடந்தந்தது. கணினி அந்த அறிவைப் பதிவு செய்யவில்லை. கையெழுத்துப் பதிவேட்டில் இருந்ததை மட்டுமே, அதன் பிழைகளோடும் விடுபடல்களோடும், ஏற்றுக்கொண்டது.

நில ஆவண நவீனமயமாக்கல் 2008இல் தேசியத் திட்டமாயிற்று. அதை ஆராய்வோர் எத்தனை ஆவணங்கள் கணினியில் ஏறின என்பதோடு நின்றுவிடலாகாது. ஏற்றப்பட்ட நாளில் யாருடைய உரிமை எழுதப்படாமல் இருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.