போத்தனூருக்கு எத்தனை எழுத்து?

போ, த், த, னூ, ர். ஐந்து. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை சொல்லிடும். சி மொழியின் ஸ்ட்ரிலென்கிட்ட கேட்டா 27 என்கும். அதன்மேல் குற்றமில்லைங்க. 1970களில் பெல் ஆய்வகத்தில் சி உருவானபோது ஓர் எழுத்து, ஒரு பைட் என்பதுதான் கணக்கு. இன்றைய யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்.

1990களின் திஸ்கியில் இதே ஊர் 7 பைட். 'போ'வைக் கொம்பு, ப, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்தார்கள். சி-க்கு வசதி, வெளி நூலகமே வேண்டாம். ஆனால் கொம்பு முன்னால் நிற்பதால் அகரவரிசையில் 'போ' பகரத்தோடு சேராது.

இஸ்கியைப் பின்பற்றி 1991இல் யூனிகோடு தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியது. உயிர்மெய்க்குத் தனி இடமில்லை. போத்தனூர் 9 குறி ஆயிற்று. கிம்ப் மென்பொருளுக்காக எழுதிய ஜிடிகேயிலிருந்து பிரிந்த ஜிலிப் நூலகமும் 9 என்றுதான் எண்ணும். ஐந்து வேணும்னா ஐசியூ, இல்லாவிட்டால் குனுவின் லிப்யூனிஸ்ட்ரிங்.

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16ஐயும் ஏற்றது. அதில் 247 எழுத்துக்கும் தனித்தனி 16 பிட் எண். போத்தனூர் என்றால் ஐந்து எண், சாதாரண அர்ரே போதும். சி எழுதுகிறவர்களுக்குச் சொர்க்கம்தான்! ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. வெளியுலக மென்பொருள்களுக்கு அது வெறும் கட்டம்.

ஆக, நூலகம் தேவையா? ஒரு லிங்க்டு லிஸ்டுக்காக ஜிலிப்பை இழுத்து வருவது வீண் என்பேன். நினைவகம் தீர்ந்தால் அதன் ஜிமல்லாக் நிரலையே நிறுத்திவிடும். நம்ம ஊர் பம்ப்செட் கன்ட்ரோலருக்குள் அதை வைக்க முடியுமா? ஐசியூவின் தரவே இருபது முப்பது எம்பி வரும். ஃபங்ஷன் பெயர்களில் பதிப்பு எண் ஒட்டியிருப்பதால் சிஸ்டத்தை அப்டேட் செய்தால் பழைய நிரல் திறக்காமலும் போகலாம்.

எழுத்து விஷயம் வேறங்க. 'போ'வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது; ஸ்ட்ரிகம்ப் இரண்டும் வேறு என்கும். பயனாளிகள் பட்டியலில் 'கோமதி' இருப்பார், தேடினால் கிடைக்க மாட்டார். இரண்டையும் ஒன்றாக்கும் வேலையைக் கையால் எழுதினால் ஏதாவது விட்டுப்போகும்; ஜிலிப்பில் அதற்கு ஒரு ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. இதற்கு நான் நூலகத்தின் பக்கம்தான்.

அப்பவும் 'லக்ஷ்மி'யை ஐசியூ நான்காக எண்ணும். க்ஷ்-ஐ ஒரே எழுத்தாகப் பார்க்கிற நமக்கு அது மூன்று. அந்த நாலு வரியை நீங்கதான் எழுதணும்.