தூத்துக்குடியில் மூலதனத் திரட்டு

கப்பல், துறைமுகம் போன்று பலன் தரப் பல ஆண்டுகள் பிடிக்கும் தொழில்களுக்கு முத்துக்குளித்துறைக் கரையிலுள்ள தூத்துக்குடியில் பணம் சேர்ந்த வரலாறு இது. முத்து வருவாய் ஊருக்கு முதலாகத் தங்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் போயிற்று. 1876இல் ரயில் வந்தது. அக்கால ரயில் கம்பெனிகளின் முதலீட்டுக்கு அரசே வட்டி உத்தரவாதம் தந்தது.

அப்படி எந்த உத்தரவாதமும் இல்லாமல் எழுந்தது வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1906 அக்டோபர் 16இல் பதிவான இதன் மூலதனம் ரூ. 10 லட்சம், தலா ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளுக்கு ரூ. 2 லட்சம் தந்தார். பெரும் வணிகரை மட்டும் நம்பாமல் சிறு கடைக்காரரும் வாங்கும்படி பங்கின் விலையை வைத்தது துணிவான ஏற்பாடு. முதலில் பம்பாய் ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்கள், ஆங்கிலேயர் நெருக்குதலால் திரும்பப் பெறப்பட்டன. சொந்தக் கப்பல் வாங்க வ.உ.சி. பம்பாய் புறப்பட்டபோது மூத்த மகன் நோயுற்றிருந்தான், மனைவி கருவுற்றிருந்தார். கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாய்வேன் என்று அவர் சூளுரைத்ததாகச் சொல்வர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

தூத்துக்குடி–கொழும்புப் பயணக் கட்டணத்தைப் போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஒரு ரூபாயாக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. எதிர்த்தரப்பு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, பயணிக்குக் குடையும் கொடுத்தது என்பர். பங்குப் பணம் கப்பல் வாங்கப் பயன்பட்டது. அதனால் ஆண்டுக்கணக்கில் நட்டத்தைத் தாங்கும் பின்பலம் கம்பெனிக்கு இல்லை. 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவரது சிறைவாசமே காரணம் என்பாரும், கட்டணப் போட்டியையும் நிர்வாகிகளிடையே எழுந்த பிணக்கையும் சுட்டுவாரும் உளர். காலியா போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

வியாபாரத்தில் மகமை பிடித்துப் பொதுநிதி சேர்க்கும் வழக்கமுடைய நாடார் சமூகத்தார், இதையடுத்து 1921இல் தூத்துக்குடியிலேயே நாடார் வங்கியைத் தொடங்கினர். 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாயிற்று.

விடுதலைக்குப் பின் பெருமுதலீடு மைய அரசின் கைக்குப் போயிற்று. 1974 ஜூலை 11இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அரசுப் பங்கும் வங்கிக் கடனும் கொண்டு ரூ. 2,427 கோடியில் 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரக் கப்பல் கால்வாய்ப் பணி, வழக்குகளால் பாதியில் நின்றது. தூத்துக்குடி வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது, மதிப்பீடு ரூ. 7,000 கோடிக்கு மேல்.