கொள்ளு விதைத்த முன்னோன்

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வீரநாராயண ஏரியை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரைமேல் வந்து மலைத்து நின்றது அதன் கரையில்தான். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் எழுந்த ஏரி அது என்று நாமும் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். சிதம்பரத்துக்கு வந்தால் சிற்றம்பலத்தின் பொன் கூரையைப் பார்த்துச் சோழர் புகழ் பேசுகிறோம். கடலூருக்குப் போனால் வெள்ளைக்காரனின் செயின்ட் டேவிட் கோட்டை இருக்கவே இருக்கிறது. சரித்திரம் என்றால் நமக்கு அரசன் ஒருவன் வேண்டும். அரசன் இல்லாவிட்டால் இடிந்த கோட்டையாவது வேண்டும்!

ஆனால் ஏரிக்கு முன்னால் வயல் இருந்திருக்க வேண்டுமல்லவா? வயலுக்கு முன்னால் காடு இருந்திருக்க வேண்டும். சிதம்பரத்தின் பழைய பெயரே அதற்குச் சாட்சி சொல்கிறது. தில்லை என்பது உப்பங்கழி ஓரத்துச் சேற்றில் வளரும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பொறுக்க முடியாத எரிச்சல். இன்றைக்கும் பிச்சாவரத்தில் அதைக் காணலாம். இப்படிப்பட்ட சதுப்பும் காடுமாகக் கிடந்த பூமி எப்படி நெல் வயலாயிற்று? தமிழ் நாட்டில் முதன் முதலாக விதையை மண்ணில் போட்டுவிட்டு, அது முளைக்கும் வரை பொறுமையோடு காத்திருந்த மனிதன் யார்?

கடலூர்ப் பக்கத்து மண்ணைத் தோண்டியவர்கள் இதற்கு முழு விடை தரவில்லை. நகருக்குத் தெற்கே காரைக்காட்டில் 1966-67-ல் நடந்த அகழாய்வில் யவனர் மதுச்சாடியின் உடைசல்களும், வரிவரியாகக் கோடு ஓடும் ரௌலட் பானை ஓடுகளும் கிடைத்தன. பண்ணுருட்டிப் பக்கம் மருங்கூரில் 2024-ல் தமிழக அரசுத் தொல்லியல் துறை தோண்டியது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கடல் வாணிபத்தைக் காரைக்காடு காட்டுகிறது. கப்பலில் வந்தவன் கரையில் சாப்பிட வேண்டுமே. அவனுக்குச் சோறு போட்ட குடியானவன் அதற்கும் எத்தனையோ தலைமுறை மூத்தவன்.

அவனைத் தேட ஆற்றை எதிர்த்து மேற்கே போக வேண்டும். கடலூருக்கு அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணை, நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரிச் சீமை வழியாக வருகிறது. அந்தச் சீமைக்கு அடுத்தது திருப்பத்தூர். அங்கே பையம்பள்ளி என்று ஒரு கிராமம். 1964-65-லும் மறுபடி 1967-68-லும் இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையார், எஸ். ஆர். ராவ் தலைமையில், அந்த ஊரில் மண்ணை அடுக்கடுக்காகக் கீறிப் பார்த்தார்கள். பொற்காசும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அகப்பட்டவை கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகள், வழவழவென்று தேய்த்த கற்கோடரிகள், தரையில் குழி வெட்டிக் கம்பு நட்டு மேலே கூரை போட்ட குடிசைகளின் அடையாளம், அடுப்பு. அத்தோடு கருகிப்போன கொஞ்சம் கொள்ளும் பச்சைப்பயறும்.

இந்தப் பயறுதான் புதையல். பச்சைத் தானியம் மண்ணில் மக்கி மறைந்துவிடும். கருகிய தானியம் மக்குவதில்லை. மூவாயிரம் ஆண்டுக்கு முன்பு ஒருத்தி அடுப்பில் எதையோ தீய விட்டாள். வீட்டில் அவளுக்கு என்ன வசவு கிடைத்ததோ தெரியாது. நமக்குச் சரித்திரம் கிடைத்தது!

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்கிறோம். குதிரைக்குப் போடுகிற தீனி என்று ஒதுக்கியும் வைக்கிறோம். தமிழ் நாட்டின் ஆதி விவசாயிகளுக்கோ அதுதான் ஆகாரம். நெல்லைத் தேடிய நாம் கொள்ளைக் கண்டதில் வியப்பில்லை. கொள்ளுக்கு வாய்க்கால் வேண்டாம், வரப்பு வேண்டாம். நாலு மழை போதும். கோடரிக்கு ஏற்ற கருங்கல்லும் அந்த மேட்டு நாட்டில் உண்டு. கீழே டெல்டாவிலோ களிமண், வெள்ளம், சதுப்பு. அதை அடக்க அணையும் வடிகாலும், ஒன்றுபட்டு உழைக்கும் நூறு கைகளும் வேண்டும். நெல் வயல் என்பது தனி மனிதன் காரியமல்ல.

கல்லைக் கொண்டு காட்டை வெட்ட முடியுமா என்று சிலர் சந்தேகப்படலாம். டென்மார்க்கில் 1950-களில் ஆராய்ச்சியாளர் சிலர் பழைய கற்கோடரிகளுக்குப் புதுப் பிடி போட்டு வெட்டிப் பார்த்தார்கள். மூன்று பேர் நாலு மணி நேரத்தில் ஏறக்குறைய 600 சதுர கஜக் காட்டைச் சாய்த்துவிட்டார்கள். நம் நாட்டிலோ கல்லைத் தொடர்ந்து இரும்பும் சீக்கிரமே வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அரசு வெளியிட்ட ஆய்வு முடிவு கூறுகிறது.

அப்படியானால் மேட்டு நாட்டுக் கற்கோடரி டெல்டாவுக்கு வரவே இல்லையா? வந்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே, மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன் கண்டியூரில், 2006-ல் ஒரு பள்ளி ஆசிரியர் தம் வீட்டுத் தோட்டத்தில் கன்று நடக் குழி வெட்டினார். மண்வெட்டியில் மெருகேற்றிய கற்கோடரி தட்டுப்பட்டது. அதன்மேல் இருந்த கீறல்கள் சிந்துவெளி எழுத்துக்கள் என்றார் ஐராவதம் மகாதேவன். எல்லோரும் அதை ஒப்பவில்லை. அந்த வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். தேடினாலும் பாறை அகப்படாத வண்டல் பூமிக்கு அந்தக் கல் தானாக நடந்து வந்திராது. மேற்கேயிருந்து யாரோ ஒருவர் கொண்டு வந்திருக்க வேண்டும். அதுவே போதுமான அதிசயம்.

அந்த ஆசிரியர் அதை வெறும் கல் என்று வேலிக்கு அப்பால் வீசவில்லை. விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டினார். சேர்வராயன் மலையில் இத்தகைய கற்களைச் சிறு கோவில்களில் வைத்து மலைமக்கள் வணங்கியதை, நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். வணங்கியதால் கல் பிழைத்தது. வணங்காமலும் கவனியாமலும் விட்ட கற்கள் எத்தனை அஸ்திவாரங்களுக்கு அடியில் போயினவோ!

டெல்டா மண்ணுக்கு ஒரு குணம். ஒவ்வொரு வெள்ளமும் ஒரு படலம் வண்டலைப் போர்த்திப் பழையதை மூடிவிடும். மூடியதை இன்று செங்கல் சூளையும் மண் எடுக்கும் இயந்திரமும் திறக்கின்றன. திறந்த வேகத்தில் நொறுக்கியும் விடுகின்றன. அரசாங்கம் தோண்டும் குழிகள் சில. நாம் வாழைக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் தோண்டுகிற குழிகளோ ஆயிரக்கணக்கானவை. அவற்றில் விசித்திரமான கல்லோ ஓடோ அகப்பட்டால், தேய்த்துக் கழுவாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக் கொண்டு, தாசில்தார் அலுவலகத்திலோ கடலூர் அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். கோடரி அகப்பட்டால் மட்டும் என்றில்லை. கருகிய நாலு பயறு என்றாலும் சரிதான்.