நிலாவெளி – கொழும்பு பஸ்ஸில் நான் நடத்தாமல் விட்ட பாடம்



போன கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு நிலாவெளியிலிருந்து கொழும்புக்குப் போனேன். கடற்கரை ஹொட்டேல்களைத் தாண்டி வந்த ஊர் பஸ்ஸில் ஏறி, திருகோணமலை நிலையத்தில் இறங்கி, கொழும்பு பஸ்ஸுக்கு மாறினோம். ஏறக்குறைய 260 கிலோமீற்றர். தலைநகர் எது என்று கேட்டால் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை என்று எழுதச் சொல்லித்தான் உங்களுக்குப் படிப்பித்தேன். பாராளுமன்றம் அங்கே போனது 1982இல். ஆனால் பஸ்ஸின் பெயர்ப்பலகைக்கு இன்றும் கொழும்புதான் தலைநகர்!

வாத்தியார் பழக்கம் விடுமா? உப்புவெளியில் யுத்தக் கல்லறைகளைக் கண்டதும் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையைத் தொடங்கிவிட்டேன். பிறகு பஸ்ஸின் கதை. முன்பு தனியார் கம்பனிகள் ஓட்டிய பஸ்களை 1958 ஜனவரி 1இல் அரசாங்கம் எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபையை ஆக்கியது. 1979இல் தனியாருக்கு மறுபடியும் இடம் கொடுத்தார்கள். நான் சின்னப் பிள்ளையாக முதன்முதல் கொழும்பு போனது அந்தச் சிவப்பு பஸ்ஸில்தான். அம்மா கட்டித் தந்த புளிச்சாதத்தைத் தம்புள்ளை வருமுன்னே முடித்துவிட்டேன்.

கந்தளாய்க் குளம் வந்தது. குளக்கோட்டன் கட்டியதாகக் கோணேசர் கல்வெட்டு சொல்லும். அரசன் இரண்டாம் அக்கபோ கட்டியதாகச் சிங்கள வரலாறு சொல்லும். வகுப்பில் நான் இரண்டையும் சொல்வேன், உங்களுக்கு ஞாபகமிருக்கும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்த அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்ததையும் பேத்திக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகு காடு. நான் வாயை மூடிக்கொண்டேன். ஹபரணைச் சந்தி வந்துதான் பேசினேன், அதுவும் பிளேன்ரீ வேணுமா என்று கேட்க. பிள்ளை விடவில்லை. "ஏன் அம்மப்பா, இந்த இடத்துக்குக் கதை இல்லையா?" என்றாள்.

கதை இருக்கிறது. முப்பது வருசத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றும் அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

1987 ஏப்ரல் 17, பெரிய வெள்ளி. புதுவருச லீவு முடிந்து சனம் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில், அலுத்ஓயாப் பக்கத்தில், ஆயுதக்காரர்கள் பஸ்களையும் லொறிகளையும் மறித்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் சிங்களச் சனம். பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நாலே நாளில், 21ஆம் திகதி மாலை, கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வேலை விட்டு வீடு போகும் நேரத்தில் குண்டு வெடித்தது. அங்கும் நூற்றுக்கு மேல். ஒரே பாதையின் நடுவிலும் முடிவிலும், ஒரே கிழமைக்குள்.

அப்போது என் தம்பி புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவனும் வேலை முடிந்தால் அந்த நிலையத்துக்குத்தான் போவான். மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. நாலாம் நாள் தந்தி வந்தது: "சுகம். கடை பூட்டு." அந்தத் தாளை அம்மா சாகும்வரை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தா.

அடுத்த மாதம் நானும் கொழும்பு போக வேண்டி வந்தது. பஸ்ஸில் பாதி ஆசனம் காலி. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா, மடியில் பேரன். காடு தொடங்கியதும் அவ பிள்ளையின் தலையைத் தன் சேலைக்குள் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. அவவுக்கு நான் யார் என்று விளங்கிவிட்டது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்குச் சொல் இருக்கவில்லை. தமிழில் இருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

பிறகு வந்த வருசங்களில் சாவடிக்குச் சாவடி மூட்டை முடிச்சோடு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, அப்பால் போய் ஏறுவோம். அதை உங்களில் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு நடந்ததைச் சொல்ல வாய் வந்தது. எங்கள் பெயரால் நடந்ததைச் சொல்ல வரவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை என்று ஒரு சாக்கு, பெற்றார் என்ன சொல்வார்களோ என்று ஒரு பயம். குளத்தைக் கட்டியவர் யார் என்பதற்கு இரண்டு பக்கமும் சொன்ன நான், இதற்கு ஒரு பக்கம்கூடச் சொல்லவில்லை.

குருநாகல் தாண்டும் வரை இவ்வளவையும் பேத்திக்குச் சொன்னேன். முன்னால் பெரிய சத்தத்தில் படம் ஓடிக்கொண்டிருந்ததால் காதோடு காதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவள், "அந்தச் சின்னப் பையனுக்கு இப்ப எத்தனை வயசு?" என்று கேட்டாள். நாற்பதைத் தாண்டியிருக்கும் என்றேன்.

புறக்கோட்டையில் இறங்கும்போது பொழுது பட்டுவிட்டது. தம்பி வழக்கம்போல முன்கூட்டியே வந்து, கையில் வடைப் பையோடு நின்றான். பேத்தி ஓடிப் போய் அவனிடம், "சின்னம்மப்பா, அந்தத் தந்தியை நீங்களா அடிச்சீங்க?" என்று கேட்டாள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை என்னிடம் தந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.